சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்: பழைய பெட்ரோல் காரில் அறிகுறி வாரியாகக் கோளாறு பிடிப்பது

செக் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0118 என்று ஒரு கோடு (code, கோளாறு எண்) வருகிறது. பக்கத்திலேயே கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் என்று போட்டிருக்கிறது. கடைக்குப் போய்ப் புது சென்சார் வாங்கி மாட்டியாகிவிட்டது. லைட் அணைந்தது, நாலு நாளில் மறுபடியும் எரிகிறது. அப்புறம் "டூப்ளிகேட் கொடுத்துவிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

அந்தக் கோடு சென்சார் போய்விட்டது என்று சொல்லவே இல்லை. அந்த சர்க்யூட்டில் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர் (வயரைச் சென்சாரோடு மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பு), அங்கிருந்து ஈசிஎம் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) வரை போகும் வயர், திரும்பி வரும் எர்த் (நெகட்டிவ் பக்க இணைப்பு), கடைசியில் ஈசிஎம், எல்லாமே சேர்ந்தது. பத்துப் பதினைந்து வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற காரில் இவற்றில் முதலில் பழுதாவது பெரும்பாலும் கப்ளரும் எர்த்தும்தான். அவற்றைப் பார்க்கச் செலவு கிடையாது, நேரம்தான் வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இஞ்செக்டர் பெட்ரோல் தெளிக்கும் முறை) வந்த பிறகான, ஆனால் இப்போது வயதாகிவிட்ட பெட்ரோல் கார்களுக்கு: மாருதி 800 எம்பிஎஃப்ஐ, பழைய ஆல்டோ, ஜென், வேகன்ஆர், சான்ட்ரோ மாதிரி வண்டிகள். வயரின் நிறமும் பின் நம்பரும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் வண்டியின் வயரிங் டயக்ராம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் சோதிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

கையில் வேண்டியவை

ஒரு நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர். சில குண்டூசிகள். ஒரு அடிக்குமேல் நீளமுள்ள வயர் துண்டுகள் இரண்டு, முனையில் கிளிப்போடு. காண்டாக்ட் கிளீனர் ஒரு டின். முடிந்தால் ஒரு புளூடூத் ஸ்கேனர். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ மலிவாகக் கிடைக்கும்.

ஸ்கேனரைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி-2 (பொது ஸ்கேனரோடும் பேசும் கோளாறு கண்டறியும் முறை) கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பல வண்டிகளில் டாஷ்போர்டுக்குக் கீழே அதே 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனால் கம்பெனியின் சொந்த ஸ்கேனரோடு மட்டும்தான் பேசும். மலிவு ஸ்கேனர் "கனெக்ட் ஆகவில்லை" என்று சொன்னால் அதை வண்டியின் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய சுஸுகி எஞ்சின் வண்டிகள் பலவற்றில் வேறு வழி உண்டு. டயக்னோசிஸ் டெர்மினலை (கோடு கேட்பதற்கென்றே இருக்கும் பின்) எர்த்தோடு இணைத்துவிட்டு சாவியை ஆன் செய்தால் செக் எஞ்சின் லைட்டே மின்னி மின்னிக் கோடு சொல்லும். முதலில் ஒரு மின்னல், சற்று இடைவெளி, பிறகு இரண்டு மின்னல் என்றால் 12; கோளாறு ஏதும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எந்த டெர்மினல் என்பதை டயக்ராமில் உறுதி செய்துகொண்டே இணைக்க வேண்டும், ஏனென்றால் 16 பின் சாக்கெட்டில் 16ஆவது பின் நேராக பேட்டரி பாசிட்டிவ். அதை எர்த் செய்தால் ஃப்யூஸ் போகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

பழைய பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை ஈசிஎம் சம்பந்தப்பட்ட சென்சார் வயர்களில் வைக்காதீர்கள். அது இழுக்கும் கரண்ட் அந்த மெல்லிய சர்க்யூட்டுக்கு அதிகம். ஃப்யூஸ், ரிலே, எர்த் ஆகியவற்றுக்கு மட்டும் அது சரி.

வயரின் மேல்தோலைக் குத்தி அளப்பதும் வேண்டாம். இன்றைக்குக் குத்தும் ஓட்டை வழியாக அடுத்த மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்க ரப்பர் சீலுக்கும் வயருக்கும் நடுவில் குண்டூசியை மெதுவாக நுழைத்தால் அது உள்ளே டெர்மினலைத் தொடும். மீட்டரின் முனையை ஊசித் தலையில் வைத்து அளந்துகொள்ளலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: பேட்டரியும் எர்த்தும்

இதைத் தாண்டிப் போக ஆசை வரும். போகாதீர்கள்.

எஞ்சின் ஆஃபில் பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. செல்ஃப் அடிக்கையில் 8, 9 என்று விழும் பேட்டரியோடு எந்தச் சென்சாரை அளந்தாலும் பயனில்லை. ஈசிஎம்மே பாதி மயக்கத்தில் இருக்கும். அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளங்கள். அரை வோல்ட்டுக்குமேல் ஏசி தெரிந்தால் ஆல்டர்னேட்டரின் டயோடில் சந்தேகம். அந்த அலை எல்லா சிக்னலிலும் ஏறி, சம்பந்தமில்லாத சென்சார்களுக்கெல்லாம் கோடு போடவைக்கும்.

எர்த்தை ஓம் மீட்டரில் பார்த்து "பீப் அடிக்கிறது, நல்லா இருக்கு" என்று விட்டுவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது. வயரின் பத்து இழைகளில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் அடிக்கும். கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் அங்கே வீணாகிறது என்று அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ் தூணின் மேலேயே, கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத உலோகத்தில். எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதையும் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 0.3, 0.4 என்று ஏறினால் நடுவில் எங்கோ துரு. இப்போது கருப்பு முனையை அப்படியே வைத்து, சிவப்பு முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே வாருங்கள்: பிளாக், எர்த் வயரின் எஞ்சின் பக்க லக்கு (போல்ட் போடும் உலோக முனை), அதே வயரின் பாடி பக்க லக்கு, பாடி, பேட்டரி கிளாம்பு. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் அது கியர்பாக்ஸ் மேல் இருக்கும் போல்ட்டாகவோ பேட்டரி கிளாம்பாகவோ இருக்கும். போல்ட்டைக் கழற்றி, லக்கையும் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசினால் போதும்.

சாவி போட்டால் செக் எஞ்சின் லைட்டே எரியவில்லை

சாவியை ஆன் செய்ததும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன், அந்த லைட் எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது விற்றவர் புத்திசாலித்தனமாகக் கழற்றியிருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது இதைப் பார்க்காதவர்கள் நிறைய. ஆனால் லைட்டும் எரியவில்லை, முன்பு பேசிக்கொண்டிருந்த ஸ்கேனரும் பேசவில்லை, ஸ்டார்ட்டும் ஆகவில்லை என்றால் ஈசிஎம் விழித்துக்கொள்ளவில்லை.

ஃப்யூஸ், மெயின் ரிலே, ஈசிஎம் எர்த், இந்த வரிசையில் பாருங்கள். ஃப்யூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், சாவி ஆனில் அதன் மேலே தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் 12 வோல்ட் வருகிறதா என்று அளங்கள். ரிலே "டிக்" என்று அடிப்பது மட்டும் போதாது. உள்ளே காண்டாக்ட் கருகியிருந்தாலும் டிக் சத்தம் வரும். அதே மாதிரி இன்னொரு ரிலே, ஹாரனுடையதோ ஃபேனுடையதோ, பின் அமைப்பு ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இவை மூன்றும் சரி, ஆனாலும் ஈசிஎம் எழவில்லை என்றால் உடனே ஈசிஎம்மைக் குற்றம் சொல்லாதீர்கள். இங்கேதான் ரொம்பப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். ஈசிஎம் உள்ளே 5 வோல்ட் தயாரித்து எம்ஏபி சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது), த்ராட்டில் பொசிஷன் சென்சார் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது) போன்றவற்றுக்கு அனுப்புகிறது. ஒரே 5 வோல்ட் லைன் பலருக்கும் பங்கு. அதில் ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலோ, வயர் எங்காவது உரசி எர்த் ஆனாலோ, லைன் முழுவதும் சுருண்டுவிடும். சில வண்டிகளில் அதனால் ஈசிஎம்மே வாயை மூடிக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது சுலபம். த்ராட்டில் சென்சார் கப்ளரின் 5 வோல்ட் வயரில் ஊசி வைத்து மீட்டரை மாட்டிவிடுங்கள். சாவி ஆன். 5 வோல்ட்டுக்குப் பதில் பூஜ்யமோ ஒன்றோ காட்டுகிறது. இப்போது அந்த லைனில் தொங்கும் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கப்ளரிலிருந்து கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றிய நொடியில் மீட்டர் 5க்குக் குதித்தால் அதுதான் ஆள். ஏசி பிரஷர் சென்சார் இருக்கும் வண்டியில் அதையும் கழற்றிப் பார்க்க மறக்காதீர்கள். எஞ்சின் கோளாறுக்கு ஏசி பக்கம் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் கழற்றியும் 5 வரவில்லை என்றால் ஹார்னஸில் (வயர் கட்டில்) ஷார்ட், அல்லது கடைசிபட்சமாக ஈசிஎம்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது சூடானதும் நின்றுவிடுகிறது

காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு டீக்கடையில் நிறுத்தி, திரும்ப எடுத்தால் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறது. அரை மணி கழித்து எதுவும் நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. இதைக் கேட்டதும் கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்வது) என்று சொல்லத் தோன்றும். பல நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் சூடான பெட்ரோல் பம்பும் பம்ப் ரிலேயும் இதே நாடகத்தைத்தான் ஆடும், அதனால் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கோளாறு நடக்கும் நேரத்தில்தான் சோதிக்க முடியும். சாவி ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு மூன்று விநாடி உறுமி அடங்குகிறதா? அது கேட்டால் பம்பும் ரிலேயும் உயிரோடு இருக்கின்றன. அடுத்து செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போது 200, 300 என்று ஏதாவது வர வேண்டும். அப்படியே பூஜ்யத்தில் நின்றால் எஞ்சின் சுற்றுவதே ஈசிஎம்முக்குத் தெரியவில்லை. அதனால் ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் கொடுக்காது. ஸ்கேனர் இல்லையா, மீட்டர் கன்சோலில் டாக்கோமீட்டர் இருந்தால் செல்ஃப் அடிக்கும்போது அதன் முள் லேசாக அசைகிறதா என்று பாருங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத மின் பூட்டு) இருக்கும் வண்டியில் சாவிக் குறி விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் அது தனிக் கதை, சென்சார் பக்கமே வர வேண்டாம்.

கிராங்க் சென்சாரில் இரண்டு வயர்தான் என்றால் அது காந்தச் சுருள் வகை. கப்ளரைக் கழற்றி ஓம் அளக்கலாம். சாதாரணமாகச் சில நூறு முதல் ஆயிரம் ஓம்வரை இருக்கும், சரியான எண் மேனுவலில். குளிர்ச்சியில் சரியாக இருந்து சூட்டில் மீட்டர் ஓவர்லோடு (OL, இணைப்பே இல்லை என்று அர்த்தம்) காட்டினால் சுருள் உள்ளே அறுந்திருக்கிறது, சூட்டில் விலகுகிறது. ஈரத்துணியைச் சென்சார் மேல் போட்டு இரண்டு நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் சந்தேகமே இல்லை. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து செல்ஃப் அடித்தாலும் சிக்னல் தெரியும். ஒன்றுமே வரவில்லை என்றால் சென்சாரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். காந்தம் ஆதலால் இரும்புத் துகள் அப்பிக்கொண்டிருக்கும். துடைத்துவிட்டு மாட்டினாலே சில வண்டிகள் ஓடிவிடும்.

மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை (உள்ளே சிறு எலக்ட்ரானிக் சுற்று இருக்கும்). இதை ஓம் மீட்டரில் அளக்கக் கூடாது; அளந்து கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமும் கிடையாது. சப்ளை வருகிறதா (வண்டியைப் பொறுத்து 5 அல்லது 12), எர்த் நல்லதா, சிக்னல் வயரில் வோல்டேஜ் மாறுகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். எஞ்சினைக் கையால், கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றினால் சிக்னல் பூஜ்யத்துக்கும் மேல் வோல்டேஜுக்கும் டக் டக்கென்று மாற வேண்டும். சாவி ஆனில் இதைச் செய்யும்போது எஞ்சின் பட்டென்று துள்ள வாய்ப்புண்டு. இக்னிஷன் காயில் கப்ளரையும் இஞ்செக்டர் கப்ளர்களையும் கழற்றிவிட்டுத்தான் கை வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் வண்டிகளில் கேம் சென்சார் (கேம் ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்வது) அதற்குள்ளேயே இருக்கும். சீல் போய் ஆயில் இறங்கியிருந்தால் மூடியைக் கழற்றியதும் தெரிந்துவிடும்.

கோடே இல்லை, ஆனால் மைலேஜ் விழுந்துவிட்டது

எனக்குப் பிடித்த கோளாறு இதுதான். ஸ்கேனரை மட்டும் நம்புகிறவர்கள் இங்கே தோற்றுப்போவார்கள். லிட்டருக்குப் பதினாறு பதினேழு கொடுத்த வண்டி பதினொன்றுக்கு வந்துவிட்டது. சைலன்ஸர் வாயில் கரி. பின்னால் நின்றால் பெட்ரோல் வாசனை. லைட் எரியவில்லை, கோடும் இல்லை.

கூலன்ட் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். இந்த வண்டிகளில் பலவற்றில் 20 டிகிரியில் சுமார் 2.4 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம் என்கிற அளவில் இருக்கும். ஈசிஎம் இதற்கு உள்ளிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுத்து, நடுவில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது.

இப்போது கப்ளர் பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறி, அங்கே மட்டும் ஒரு 500 ஓம் கூடிவிட்டது என்று வையுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி 80 டிகிரியில் இருக்கிறது. சென்சார் 320 காட்டுகிறது. களிம்போடு சேர்த்து ஈசிஎம்முக்குத் தெரிவது 820 ஓம். அதன் கணக்கில் அது சுமார் 50 டிகிரி. இன்னும் சூடாகாத எஞ்சின் என்று நினைத்து பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது. 50 டிகிரி என்பது நடக்கக்கூடிய எண்தானே, அதனால் கோடும் போடாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதோ, இரண்டாயிரம் ஓமில் ஐநூறு கூடுவது பெரிதாகத் தெரியாது. ஸ்டார்ட்டிங் நன்றாகவே இருக்கும். சூடானபிறகுதான் இந்தத் தப்புக் கணக்கு முழுசாக வேலை செய்யும்.

இதைப் பிடிக்க, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை ஆன் மட்டும் செய்து, ஸ்கேனரில் கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவும், அன்றைய வெளி வெப்பத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை விடுங்கள். ஃபேனை ஈசிஎம் போடாமல் ரேடியேட்டரில் உள்ள தனி ஸ்விட்ச் போடும் பழைய வண்டியில், ஃபேன் ஓடும்போது ஸ்கேனர் 90க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். ஃபேன் ஓடுகிறது, ஸ்கேனரோ 55 என்கிறது என்றால் ஆள் சிக்கிவிட்டார். டாஷ்போர்டின் டெம்பரேச்சர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். பல பழைய வண்டிகளில் முள்ளுக்குத் தனி சென்சார், ஈசிஎம்முக்குத் தனி சென்சார்.

களிம்பா, சென்சாரா, வயரா? கப்ளரைக் கழற்றினால் ஸ்கேனர் மைனஸ் 40 காட்ட வேண்டும். கப்ளரின் இரண்டு ஓட்டைகளையும் ஒரு வயர் துண்டால் இணைத்தால் 120க்கு மேல் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் ஈசிஎம்மும் வயரும் அடிப்படையில் சரி. சென்சாரையும் கப்ளர் பின்னையும் பாருங்கள். இணைத்தும் உச்சத்துக்குப் போகவில்லை என்றால் வயரில் எங்கோ ரெசிஸ்டன்ஸ். மைனஸ் 40க்குப் போகவில்லை என்றால் இரண்டு வயரும் எங்கோ உரசிக்கொண்டிருக்கின்றன. பி0118 கோடுக்கும் இதே சோதனைதான். புது சென்சார் வாங்கும் முன் இரண்டே நிமிடம்.

வயரைக் கழற்றியதும் பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓட ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், வெப்பம் தெரியாதபோது ஈசிஎம் எடுக்கும் முன்னெச்சரிக்கை அது. விரலை மட்டும் தள்ளி வையுங்கள்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, மிதித்தால் திணறுகிறது

த்ராட்டில் சென்சாருக்கு மீட்டர் போதும். சிக்னல் வயரில் ஊசி, சாவி ஆன், எஞ்சின் ஆஃப். கால் வைக்காதபோது அரை வோல்ட் அளவில். பெடலை ரொம்ப மெதுவாக மிதித்தால் எண் சீராக ஏறி நாலு, நாலரைக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் சட்டென்று விழுந்து மீண்டால் அங்கே உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. நகரத்தில் ஓடும் வண்டிகளுக்கு அது பெரும்பாலும் பெடலின் முதல் கால் பகுதியில்தான் இருக்கும், கால் அதிக நேரம் நிற்பது அங்கேதானே. டிஜிட்டல் மீட்டர் மெதுவானது; வேகமாக மிதித்தால் அந்த விழுதலைத் தவறவிடும். முள் வைத்த பழைய மீட்டர் வீட்டில் கிடந்தால் இந்த ஒரு சோதனைக்கு அதுவே சிறந்தது.

எம்ஏபி சென்சார்: சாவி ஆன், எஞ்சின் ஆஃபில் அது அளப்பது வெளிக்காற்றின் அழுத்தம். சென்னை மாதிரிக் கடல்மட்ட ஊரில் பல சென்சார்கள் மூன்றரைக்கும் நாலரைக்கும் நடுவில் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒன்று, ஒன்றரை என்று இறங்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. அங்கே எஞ்சின் ஆஃப் அளவும் அதற்கேற்பக் குறையும். ஊட்டியில் வைத்து அளந்துவிட்டுச் சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இறங்குவது மந்தமாக இருந்தால் எலக்ட்ரிகலை விட்டு, சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். பழைய வண்டியில் அது முனையில் வெடித்திருக்கும்.

ஒரே நேரத்தில் நாலைந்து கோடு

நாலு சென்சார் ஒரே நாளில் போகாது. பொதுவாக இருப்பதைத் தேடுங்கள்.

எம்ஏபி, த்ராட்டில் இரண்டுமே "வோல்டேஜ் குறைவு" என்றால் 5 வோல்ட் லைன். மேலே சொன்ன கழற்றிப் பார்க்கும் சோதனை. எல்லாமே "அதிகம்" என்ற பக்கம் சாய்ந்தால் சென்சார்களின் பொது எர்த். இது பாடியில் போல்ட் போடும் எர்த் அல்ல. சென்சார்களின் எர்த் வயர்களெல்லாம் ஹார்னஸுக்குள் ஒரு இடத்தில் இணைந்து ஈசிஎம்முக்குத் திரும்புகின்றன. அந்த இணைப்பு கெட்டால் த்ராட்டில் 0.5க்குப் பதில் 0.9 காட்டும், எம்ஏபி கூடக் காட்டும், கூலன்ட் குளிர்ச்சியாகக் காட்டும். மூன்றுமே பெட்ரோலைக் கூட்டும் பக்கம். கோடு விழாத அளவுக்கு மட்டும் தள்ளியிருந்தால் அதுவும் மைலேஜ் கோளாறாகவே தெரியும்.

சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில், சாவி ஆனில், கப்ளர் மாட்டியபடி அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. சில நூறு மில்லிவோல்ட் என்றால் ஈசிஎம் பின்னிலும் அதே அளவை எடுங்கள். அங்கே சுத்தமாக இருந்து சென்சாரில் மட்டும் அதிகம் என்றால் ஹார்னஸின் இன்சுலேஷன் டேப்பைப் பிரித்து அந்த இணைப்பைத் தேட வேண்டியதுதான். அங்கேயே அதிகம் என்றால் ஈசிஎம்மின் எர்த் போல்ட்.

மழை பெய்தால் மட்டும், பள்ளத்தில் விழுந்தால் மட்டும்

எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, ஹார்னஸை ஒவ்வொரு முழமாகக் கையால் ஆட்டிக்கொண்டே போங்கள். ஸ்கேனரில் சந்தேகப்படும் சென்சாரின் எண்ணை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருந்தால் நல்லது. வயர் வளையும் இடங்கள், பிளாஸ்டிக் கிளிப் உடைந்து எஞ்சின் மேல் தொங்கும் இடங்கள், எக்ஸாஸ்ட் பக்கம் உருகிய இடங்கள், பேட்டரி தட்டுக்குக் கீழே ஆசிட் சொட்டிய இடங்கள். ஃபயர்வால் ரப்பர் வழியாக உள்ளே நுழையும் இடத்தையும் விடாதீர்கள்.

மழைக்கு மட்டும் வரும் கோளாறுக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு கப்ளராகத் தெளித்துப் பாருங்கள். ஹோஸ் பைப்பை எடுத்து எல்லாவற்றையும் ஒரே அடியாக நனைத்தால் எது என்று கடைசிவரை தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற சென்னை வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியில் கார்பெட்டுக்குக் கீழே ஓடும் ஹார்னஸை முதலில் பாருங்கள். வெளியே டேப் புத்தம்புதிதாகத் தெரியும், உள்ளே செம்பு இழை பொடியாகியிருக்கும். விரலால் இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும் வயர் அதுதான்.

அப்புறம் எலி. நிறுத்தியே வைத்திருக்கும் வண்டியில் இஞ்செக்டர் பக்க வயரையும் ஆக்சிஜன் சென்சார் வயரையும் கண்ணால் பார்த்துவிட்டே மீட்டரை எடுங்கள்.

ஆக்சிஜன் சென்சார் கோடு

தேவையில்லாமல் மாற்றப்படும் சென்சார்களின் பட்டியல் போட்டால் இதற்கு முதலிடம். "லீன்" (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்று கோடு வந்தால் அது புகார் சொல்கிறது, அவ்வளவுதான். காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, அல்லது பெட்ரோல் அழுத்தம் குறைவு, அல்லது எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஓட்டை. எஞ்சின் சூடான பிறகு சிக்னல் 0.1க்கும் 0.9க்கும் நடுவில் ஓயாமல் ஏறி இறங்கினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. "ஹீட்டர் சர்க்யூட்" என்று கோடு வந்தால் அதன் ஃப்யூஸையும், ஹீட்டர் பின் இரண்டுக்கும் நடுவில் ஓமையும் பாருங்கள். சில ஓம் முதல் பதினைந்துக்குள் வர வேண்டும். ஓவர்லோடு காட்டினால் மட்டும் தயங்காமல் மாற்றலாம்.

கண்டுபிடித்த பிறகு

அறுந்த வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் எஞ்சின் சூட்டில் பசை உருகி ஆறு மாதத்தில் அவிழும். ஈயம் வைத்துப் பற்றவைத்தோ நல்ல கிரிம்ப் போட்டோ, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். பற்றவைத்த இடம் விறைப்பாக இருக்கும், ஆடினால் அதன் ஓரத்தில் வயர் முறியும். அதனால் ஹார்னஸோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கப்ளரே உடைந்திருந்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் வண்டியிலிருந்து அரை அடி வயரோடு வெட்டியெடுத்த கப்ளர் கிடைக்கும். ரப்பர் சீல் இருக்கிறதா, லாக் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கோடை அழிக்க பேட்டரியைக் கழற்றுவதைவிட ஸ்கேனரிலேயே அழிப்பது நல்லது. பேட்டரியைக் கழற்றினால் ஈசிஎம் கற்றுவைத்த ஐடிலிங் கணக்கும் போய், கொஞ்ச நேரம் வண்டி முரண்டு பிடிக்கும். புதுக் கோளாறு வந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் பானட்டைத் திறப்போம்.

ஈசிஎம்மைச் சந்தேகிப்பதற்கு முன் சப்ளை, எர்த், 5 வோல்ட், சிக்னல் நான்கையும் ஈசிஎம் கப்ளரிலேயே அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். அந்தக் காகிதத்தோடு ஈசிஎம் ரிப்பேர் செய்பவரிடம் போனால் அவரும் ஒழுங்காகப் பதில் சொல்வார். மூடியைத் திறந்து போர்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பல நேரம் சுத்தம் செய்து டிராக் போட்டே சரிசெய்துவிடுவார்கள். பழைய ஈசிஎம் வாங்கி மாட்டுவதானால் ஒன்று: இம்மொபிலைசர் இருக்கும் வண்டியில் பார்ட் நம்பர் அச்சாக ஒத்துப்போனாலும் சாவியோடு ஜோடி சேர்க்காமல் ஸ்டார்ட் ஆகாது. காசு கொடுக்கும் முன் அந்த வேலையையும் அவரே செய்து தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.